அப்பாவுக்குப் படித்துக் காட்ட

மார்ச் 3
அப்பாவின் கதை வந்த பழைய இதழின் பக்கப் படங்களை எழுத்தாக்க, டெசராக்ட் என்ற மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவியாயிற்று. ஒரு பிழையும் காட்டவில்லை. ஓட்டினால் அதற்கு வேண்டிய லைப்ரரி (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஃபைல்) லிப்டெசராக்ட்.எஸ்ஓ.5 இல்லை என்கிறது. யூஎஸ்ஆர், லோக்கல், லிப் என்று உள்ளே போய்ப் பார்த்தேன். ஃபைல் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது.

மார்ச் 4
அப்பாவின் கண்ணைப் பார்க்கும் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரவில்லை.

மார்ச் 5
லைப்ரரியை லினக்ஸ் டிஸ்க் முழுக்கத் தேடுவதில்லையாம். நிரலோடு லைப்ரரியைச் சேர்க்கும் லிங்கர், எது எங்கே என்ற பட்டியலை ஒரு கேஷாக வைத்துக்கொண்டு முக்கியமாக அதைத்தான் பார்க்கிறது. புதிதாக வந்தது அதில் ஏறவில்லை. சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு, அந்தக் கேஷைப் புதுப்பிக்கும் எல்டிகான்ஃபிக்கை ஓட்டினேன். எந்த லைப்ரரி எங்கே கிடைக்கிறது என்று காட்டும் எல்டிடியில் 'நாட் ஃபவுண்ட்' இருந்த வரியில் இப்போது முழுப் பாதை. சிலர், தேடும் இடத்தைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தை, ஷெல் திறக்கும்போதெல்லாம் ஓடும் பாஷ்ஆர்சியில் எழுதிவிடச் சொல்கிறார்கள். சோதிக்க வேண்டுமானால் சரி, நிரந்தரமாக வைத்தால் எந்த நிரல் எந்த லைப்ரரியை எடுக்கிறது என்றே தெரியாமல் போகும்.

"படிக்குதாடா?"
"நாளைக்குப்பா."

மார்ச் 7
பைதான் பக்கம் வந்தால், பாக்கேஜ் நிறுவும் பிப் வாசலிலேயே நிறுத்துகிறது. உபுண்டு 24.04இல் சிஸ்டம் பைதானை அதன் போக்கில் விடு என்கிறார்கள், நியாயம்தான். தனிப் பைதான் சூழலாக வென்வ் போடலாமென்றால் அதற்கே தனிப் பாக்கேஜ் வேண்டும். எல்லாம் ஆகி, படங்களைக் கையாளும் ஓப்பன்சிவியை இம்போர்ட் செய்தால் லிப்ஜிஎல்.எஸ்ஓ.1 இல்லை. திரையே இல்லாத சர்வருக்கு, திரையில் வரைய உதவும் ஓப்பன்ஜிஎல் எதற்கு? லிப்ஜிஎல்1-மெஸா-ஜிஎல்எக்ஸ் போடு என்று எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், 24.04இல் அந்தப் பாக்கேஜே கிடையாது. லிப்ஜிஎல்1 போட்டால் போதும். நான் அதையும் போடவில்லை. ஓப்பன்சிவியைக் கழற்றிவிட்டு திரை தேவைப்படாத ஹெட்லெஸ் வடிவத்தைப் போட்டேன். இம்போர்ட் வாயே திறக்கவில்லை. நல்லது.

மார்ச் 8
வலது கண்ணில் கறுப்புத் திரை இன்னும் கீழே இறங்கியிருக்கிறது என்கிறார் அப்பா. போன் செய்தேன். டாக்டர் தியேட்டரில்.

மார்ச் 9
இப்போது டெசராக்டுக்குத் தமிழ்த் தரவு இல்லையாம்! உபுண்டுவின் நிறுவியான ஏபிடி அதை யூஎஸ்ஆர் ஷேரில் வைத்திருக்கிறது, நான் தொகுத்தது லோக்கல் ஷேரில் தேடுகிறது. தரவு எங்கே என்று சொல்லும் டெஸ்டேட்டா_பிரிஃபிக்ஸில் பாதையைக் கொடுத்தேன். முதல் பக்கம் எழுத்தாக வந்தது.

ஆனால் இதழ் 1964. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு. தும்பிக்கை வைத்த 'லை' வரும் இடமெல்லாம் குப்பை. 'றா'வும் அப்படியே. 'வேலை' ஒரு வரியில்கூட வேலையாக இல்லை.

மார்ச் 10
கையால் திருத்துகிறேன். அப்பாவின் கதை நாலு பக்கம்.

மார்ச் 11
நாளை காலை ஆறு மணிக்கு அட்மிஷன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். மூன்றாம் பக்கம் பாதியில் நிற்கிறது.