பின்னால் நிற்கும் ஊர்

ஜூன் 7, 2024, வெள்ளி

மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போனேன். வாங்கப் போனது இட்லிப் பானைக்கு ஒரு மூடி. அது கிடைக்கவில்லை. பழைய ட்ரங்க் ரோட்டு ஓரத்தில் சாக்கை விரித்து, நின்றுபோன கடிகாரங்கள், ரிமோட்டுகள், குத்துவிளக்கின் அடிப்பாகம் மட்டும் என்று பரப்பியிருந்த ஒருவரிடம் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது. திறந்தால் உள்ளே போட்டோக்கள்.

“டப்பா நூத்தம்பது. போட்டோ சும்மா” என்றார்.

“டப்பா வேணாம், போட்டோ மட்டும் குடுங்க” என்றேன். அவ்வளவுதான், போட்டோவின் விலை நானூறு ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். மொத்தம் 31. பெரும்பாலும் கறுப்பு வெள்ளை, ஓரம் அலை அலையாக வெட்டிய சின்ன அளவுப் படங்கள். ஏழெட்டு மட்டும் கலர், அவையும் செம்மண் நிறத்துக்கு வெளுத்துவிட்டன. யார் வீட்டுப் படங்களோ தெரியாது. ஒரே மனிதர் சின்ன வயதிலிருந்து வழுக்கை விழும் வரை வருகிறார். நான் அவரைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கிறேன். பாதிப் படங்களில் மெட்ராஸ் இருக்கிறது. இப்போது இல்லாத மெட்ராஸ்.

பல்லாவரம் என்றதும் எப்போதும் தான்ஜெலிஸ் நினைவு வரும். மவுண்ட் ரோட்டில் 1906-இல் ஹோட்டல் தொடங்கிய ஜியாகோமோ தான்ஜெலிஸ். பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து தாண்டிய மறு வருஷம், 1910 மார்ச்சில், சிம்ப்சன் கம்பெனி உதவியோடு தானே ஒரு விமானம் செய்து பல்லாவரத்தில் ஓட்டிக் காட்டினார். ஹோட்டல் பிறகு போசோட்டோ என்பவர் கைக்குப் போய், பேரே மறந்துபோயிற்று. சமையல் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனுஷனுக்கு விமானம் செய்யத் தோன்றியிருக்கிறது பாருங்கள்.

ஜூன் 8, சனி

காலையிலிருந்து பூதக்கண்ணாடியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறேன். சமையல் தாமதம், வீட்டில் முணுமுணுப்பு.

ஏழாவது படம். நம்ம ஆள், அப்போது இருபது வயது இருக்கலாம், முழுக்கைச் சட்டையோடு மவுண்ட் ரோடு நடைபாதையில் நிற்கிறார். தோளுக்கு மேலே தூரத்தில் சாரம் கட்டிய கட்டடம் ஒன்று. எண்ணிப் பார்த்தேன், ஒன்பது மாடி வரை ஏறியிருக்கிறது. அதற்கு மேலே வெறும் கம்பிகள். அந்தச் சாலையில் அவ்வளவு உயரம் போன கட்டடம் அப்போது ஒன்றே ஒன்றுதான், எல்.ஐ.சி.! கட்ட ஆரம்பித்தபோது அது எல்.ஐ.சி.யே இல்லை. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸுக்காக எழுந்த கட்டடம். அவர் 1954-இல் சிங்கப்பூரில் விமான விபத்தில் இறந்துபோனார். 1956-இல் ஆயுள் காப்பீடு அரசுடைமை ஆயிற்று. 1959-இல் 14 மாடியோடு திறந்தபோது நாட்டிலேயே உயரமான கட்டடம் அதுதான். அப்படியென்றால் இந்தப் படம் ஐம்பதுகளின் இரண்டாம் பாதி.

மெட்ராஸ் படத்துக்கு வயது கண்டுபிடிக்க எனக்கென்று சில வழிகள் வைத்திருக்கிறேன். ட்ராம் ஓடினால் 1953-க்கு முன். எல்.ஐ.சி. முழுசாக நின்றால் 1959-க்குப் பின். ஜெமினி பக்கம் மேம்பாலம் தெரிந்தால் 1973-க்குப் பின். கார் எண்ணில் ‘டி.என்.’ இருந்தால் எண்பதுகளின் கடைசி அல்லது அதற்கும் பிறகு, அதை நான் பழைய படமாகவே சேர்ப்பதில்லை. இதெல்லாம் இல்லாவிட்டால் சினிமா போஸ்டர். போஸ்டர் பொய் சொல்லும், கவனமாக இருக்க வேண்டும். பழைய படத்தை மறுபடி ஓட்டுவது அப்போது சர்வ சாதாரணம்.

ஜூன் 9, ஞாயிறு

பெரம்பூரில் பெரியப்பா வீடு. அவருக்கு 84 வயது. ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். இன்னமும் அண்ணா சாலை என்று சொல்ல மாட்டார், மவுண்ட் ரோடுதான். டப்பாவில் இருந்ததை மேஜையில் கொட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“யார் வீட்டு ஆளுங்க இவங்க?”

“தெரியாது பெரியப்பா. சந்தையில வாங்கினேன்.”

“தெரியாதவங்க போட்டோவுக்கு நானூறு ரூபாயா” என்று தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம், “இது ஸ்பென்சர்டி!” என்று கத்தினார்.

ஆமாம், ஸ்பென்சர்தான். இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் குடை. பின்னால் செங்கல் கட்டடத்தின் கூர்மையான கோபுரம் ஒன்று, வளைவுகள் நான்கு. 1895-இல் எழுந்த அந்தக் கட்டடம் 1983-இல் எரிந்தது. இப்போது அதே இடத்தில் நிற்கும் ஸ்பென்சர் பிளாசா மாலைப் பார்த்து வளர்ந்தவர்கள், ஸ்பென்சர் என்பது ஒரு கடையாகவே இருந்தது என்றால் நம்ப மாட்டார்கள். திண்டுக்கல்லில் சொந்தச் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்த கடை அது. ரயில் நிலையங்களில் சாப்பாட்டு அறைகளும் நடத்தினார்கள். பெரியப்பாவுக்கு அதுதான் ஞாபகம்: “கடைக்குள்ள நாம எங்க போறது? வெளியில நின்னு கண்ணாடிக்குள்ள இருக்கிற கேக்கைப் பார்ப்போம். ஆனா ஸ்டேஷன்ல ஸ்பென்சர் கட்லெட் சாப்பிட்டிருக்கேன். ஓசியில.”

மூர் மார்க்கெட் படம் ஒன்றுகூட இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். 1900-இல் திறந்த மார்க்கெட் அது. சென்ட்ரலுக்குப் பக்கத்திலேயே வேலை, தினமும் மதியம் அங்கேதான் சுற்றுவாராம். பழைய புத்தகம், கிளி, கிராமபோன் தட்டு. 1985 மே 30-ஆம் தேதி தீ. இப்போது புறநகர் ரயில்கள் புறப்படும் கட்டடம் நிற்பது அந்த இடத்தில்தான். “தினம் போற இடத்தை எவன் படம் எடுப்பான்? இருபத்தஞ்சு வருஷம் போயிருக்கேன், ஒரு படம் இல்ல என்கிட்ட.”

வாஸ்தவம்தான். என்னிடமும் எங்கள் தெரு முனை டீக்கடையின் படம் இல்லை.

ஜூன் 12, புதன்

எரிச்சல்.

தாசப்பிரகாஷ் படம் ஒன்றைப் பெரிதாக்கித் தரச் சொல்லி, ஆபீஸுக்குப் பக்கத்து ஸ்டுடியோ ஒன்றில் திங்கட்கிழமை கொடுத்திருந்தேன். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீதாராம ராவ் 1954-இல் கட்டிய ஹோட்டல். மூலை மழுங்கி, கப்பல் போல வளைந்த முகப்பு. அதன் முன்னால் ஒரு கல்யாண கோஷ்டி: மாப்பிள்ளை, பெண், மாமா மாதிரி ஒருவர், தூங்கி வழியும் குழந்தை. எனக்கு வேண்டியது முகப்பில் இருந்த எழுத்தும் வாசல் படியும்.

இன்று போய் வாங்கினால் மாப்பிள்ளையும் பெண்ணும் பளிச்சென்று இருக்கிறார்கள். பின்னால் நீல வானம். ஹோட்டல் இல்லை.

“பேக்கிரவுண்டு ரொம்ப அழுக்கா இருந்துச்சு மேடம். ரிமூவ் பண்ணிட்டேன். எக்ஸ்ட்ரா சார்ஜ் இல்ல” என்கிறான் பையன். பெருமையாக வேறு சொல்கிறான். எனக்குப் பேச்சு வரவில்லை. நிஜத்தில் ஒரு தடவை இடித்தாகிவிட்டது, இவன் தன் பங்குக்கு இன்னொரு தடவை. நல்லவேளை, மூலப்படத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தான்.

அவனைக் குறை சொல்லியும் பயனில்லை. படம் எடுத்தவருக்கும் கல்யாணம்தான் முக்கியம், ஹோட்டல் இல்லை. இந்த 31 படத்தில் ஒன்றுகூட ஊரைப் படம் பிடிக்க எடுத்ததில்லை. தங்களை எடுத்துக்கொண்டார்கள், ஊர் தானாக வந்து பின்னால் நின்றுகொண்டது.

ராத்திரி நானே போனில் ஸ்கேன் செய்தேன். குழல் விளக்கு படத்தில் பளபளவென்று விழுகிறது. மொட்டை மாடியில் காலை வெளிச்சத்தில் எடுக்க வேண்டும்.

ஜூன் 15, சனி

செம்மொழிப் பூங்காவுக்குப் படம் ஒன்றோடு போனேன். படத்தில் ஒரு ஃபியட் கார். கதவுக் கண்ணாடியில் மாட்டிய தட்டில் இரண்டு டம்ளர், பாதி தின்ற பட்டூரா. கார் எண் மூன்றெழுத்துப் பழைய எண். உள்ளே நம்ம ஆள், இப்போது மீசையோடு. பக்கத்து சீட்டில் இருப்பவர் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிக்கிறார், வளையல் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. வெளியே வெள்ளைச் சீருடையில் சர்வர், கார் கூரையில் கை வைத்தபடி. கேமரா வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, பில் பேனாவைக் காதில் செருகிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். காருக்குப் பின்னால் அடிமரம் இரண்டாகப் பிரிந்த ஒரு பெரிய மரம்.

உட்லண்ட்ஸ் டிரைவ்-இன். கிருஷ்ண ராவ் 1962-இல் தொடங்கியது, 2008-இல் மூடியது. வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் நிலம். 2010-இல் அது பூங்கா ஆயிற்று. ஹோட்டல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் மால் வராமல் பூங்கா வந்தது என்பதால் பாதி மன்னித்துவிட்டேன். ஹோட்டல் இருந்த நாட்களில் நாலு மணிக்கு மேல் போனால் அங்கே சினிமாக்காரர்கள், மருந்துக் கம்பெனி ரெப்புகள், பத்திரிகைக்காரர்கள் என்று ஒரு கூட்டம். காபி ஒன்று வாங்கிவிட்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். கல்லூரி நாட்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

மரத்தைத் தேடினேன். ஒரு மணி நேரம். அடி பிரிந்த மரம் மூன்று இருக்கிறது. ஒன்றின் முன்னால் நின்று படத்தை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் கிளை பொருந்துகிற மாதிரி இருந்தது, அடி பொருந்தவில்லை. ஐம்பது வருஷத்தில் மரம் பருத்திருக்கும் என்று சமாதானம் செய்துகொண்டேன். காவலாளி வந்து, “என்னம்மா, ஏதாச்சும் தொலைச்சிட்டீங்களா?” என்று கேட்டார். படத்தைக் காட்டினேன். “நல்ல கார்” என்றார்.

ஜூன் 16, ஞாயிறு

மறுபடி பெரம்பூர். இந்தத் தடவை பெரியம்மாவும் சேர்ந்துகொண்டார்.

கலர் படங்களில் ஒன்று எனக்குப் பிடிபடவே இல்லை. கோட் போட்ட மூன்று பேர், பெல்பாட்டம், காதை மூடிய கிருதா. பின்னால் ஒரு சுவர், அதில் மின்னும் எழுத்துகள். தோள் மறைத்தது போக மிச்சம் தெரிவது நாலு ஆங்கில எழுத்து: ஜி, ஈ, எம், எஸ். ‘நைன் ஜெம்ஸ்’ஸாக இருக்குமோ என்று எனக்குள் ஒரு ஆசை. சபையர் தியேட்டர் வளாகத்தில் இருந்த இரவு விடுதி அது.

“ஜெம்ஸ்னா நகைக்கடையாக்கூட இருக்கலாம்” என்றேன் ஜாக்கிரதையாக.

பெரியப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். “நகைக்கடை வாசல்ல எவனாவது இப்படிச் சிரிப்பானா?”

சபையர் 1964-இல் வந்தது. ஒரே வளாகத்தில் சபையர், எமரால்டு, ப்ளூ டைமண்ட் என்று மூன்று தியேட்டர். ப்ளூ டைமண்டில் காட்சி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். பெரியம்மா சொன்னார்: “மே மாசம் பதினோரு மணிக்குப் போய் உட்காருவோம். படத்தைப் பாதியில இருந்து பார்ப்போம், அப்புறம் ஆரம்பத்தைப் பார்ப்போம். கதை புரிஞ்சுதோ இல்லையோ, ஏசி இருந்துச்சு. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பஸ் ஏறுவோம்.” ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பகல் முழுக்க ஏசி!

“மூணு தியேட்டரும் தெரியும் எனக்கு. கிளப்புன்னு ஒண்ணு இருந்ததே இவர் சொல்லித்தான் இப்பத் தெரியுது” என்று பெரியப்பா பக்கம் திரும்பினார். “நீங்க எப்பப் போனீங்க?”

“வாசல் வரைக்கும்தான்.”

மேலே யாரும் கேட்கவில்லை.

மெட்ராஸின் இரவு விடுதிகளைப் பற்றி யோசித்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971-இல் எடுத்தார்கள், 1974-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், 1981-இல் மறுபடி எடுத்தார்கள். டாக்டர் சர்டிபிகேட்டோடு பர்மிட் வாங்கியவர்களுக்கு மட்டும் பர்மிட் ரூம். மற்றவர்கள் கோட் சூட் போட்டுக்கொண்டு, பேண்ட் வாத்தியத்துக்கு முன்னால் உட்கார்ந்து எலுமிச்சை ஜூஸ் குடித்திருப்பார்கள். பம்பாய், கல்கத்தா ஆட்கள் இந்த ஊரைத் தூங்குமூஞ்சி என்று சொன்னதில் வியப்பில்லை. ஆனாலும் போயிருக்கிறார்கள், ஆடியிருக்கிறார்கள். படம் எடுத்துக்கொள்ளத்தான் துணியவில்லை. எடுத்திருந்தாலும் வீட்டு ஆல்பத்தில் ஒட்ட முடியாது. கோயில் படமும் கல்யாணப் படமும் இவ்வளவு கிடைக்கும் ஊரில், நடன மேடைப் படம் கிடைக்காததற்கு எனக்குத் தோன்றுகிற காரணம் இதுதான்.

எங்கள் தலைமுறைக்கு அந்த இடம் கேட்ஸ்பி. அடையாறு கேட்டில், பார்க் ஷெரட்டனுக்குள் இருந்தது. ஒரே ஒரு தடவை ஆபீஸ் தோழிகளோடு போனேன், வீட்டில் ஆடிட் என்று சொல்லிவிட்டு. கேட்ஸ்பி எப்போதோ போயிற்று. ஹோட்டலும் பெயர் மாறி, போன டிசம்பரோடு மூடிவிட்டார்கள். அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு வரப்போகிறது. அந்த ராத்திரிக்கு என்னிடமும் படம் இல்லை. ஆடிட்டில் யார் படம் எடுப்பார்கள்?

ஜூன் 21, வெள்ளி

மறுபடி பல்லாவரம். அதே சாக்கு, அதே ஆள். டப்பா எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன்.

“மொத்தமா எடுக்கிறதுதான்க்கா. வீட்டை இடிக்கிறாங்கன்னா கூப்பிடுவாங்க, போய் அள்ளிட்டு வருவோம். எந்த வீடுன்னு எங்க ஞாபகம் வச்சுக்கிறது?” டப்பா இன்னும் விற்கவில்லை. நூறுக்குத் தருகிறேன் என்றார். வாங்கிக்கொண்டேன்.

புறப்படும்போது, “உங்களை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே தலையைக் கையால் கோதிவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்து, கடிகாரங்களுக்கு நடுவில் நிமிர்ந்து நின்றார். போனைத் தூக்கினால் அவர் பின்னால் பாதி டீக்கடைதான் வந்தது. நாலடி பின்னால் போனேன். பெயர்ப் பலகை முழுசாக வந்தது, விலைப் பட்டியலின் கீழ்ப்பகுதி வரவில்லை. இன்னும் இரண்டடி போனேன், பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“அக்கா, அவ்வளவு தூரம் போனா நான் தெரிவேனா?” என்றார்.

“தெரியுறீங்க, அசையாம நில்லுங்க” என்றேன்.