கிம் கிளைஸ்டர்ஸ் திரும்பி வந்த கதை

பெல்ஜியம் டென்னிஸ் வீராங்கனை கிம் கிளைஸ்டர்ஸ்னாலே எனக்கு மொதல்ல ஞாபகம் வர்றது அந்த ஸ்ப்ளிட் தான், கெட்டியான ஹார்ட் கோர்ட் தரைல காலை ரெண்டு பக்கமும் அகட்டி சறுக்கிட்டே போயி பந்தை எடுப்பாங்க. 2003லயே உலக நம்பர் ஒன், ஆனா கிராண்ட் ஸ்லாம்ங்கற பெரிய போட்டிகள்ல ஃபைனல் நாலு தோத்தாச்சு, அதுல மூணு அதே பெல்ஜியம் ஜஸ்டின் ஹெனின் கிட்ட, எவ்ளோ வலிச்சிருக்கும்! 2005ல ஒருவழியா யூஎஸ் ஓப்பன் பட்டம். 2007ல ரிட்டயர்டு, அடுத்த வருஷம் குழந்தை.

அப்புறம் 2009ல ரேங்கிங்கே இல்லாம, போட்டி நடத்துறவங்க தர்ற நேரடி அனுமதியான வைல்டு கார்டுல வந்து வில்லியம்ஸ் சகோதரிகள் வீனஸ், செரீனா ரெண்டு பேரையும் தாண்டி, ஃபைனல்ல வோஸ்னியாக்கியை 7-5, 6-3ன்னு ஜெயிச்சு மறுபடி அதே யூஎஸ் ஓப்பனை தூக்கினாங்க பாருங்க, ஒன்றரை வயசு பொண்ணு கோப்பை பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்துச்சு, எனக்கு கண்ணே கலங்கிடுச்சு. 2010லயும் அந்தப் பட்டம் அவங்களுக்குத்தான், 2011ல ஆஸ்திரேலியன் ஓப்பன், அதே பிப்ரவரில திரும்பவும் நம்பர் ஒன்.