பதிமூணு கண் பாலம்: ஒரு சின்ன நாட்குறிப்பு

ஜூலை 6, 2023, வியாழன். சென்னை

அம்மாவுக்குத் திடீரென்று கேரளத்தில் இருக்கிற புனலூர் போக வேண்டுமாம். "அங்க இப்ப யாரும்மா இருக்கா?" என்று கேட்டேன். "ஊரு இருக்குல்லா?" என்றாள். அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன்.

செங்கோட்டையில்தான் நான் எட்டாம் வகுப்பு வரை படித்தேன். புனலூரில் மாமா பாத்திரக்கடை வைத்திருந்தார். கோடை விடுமுறை விட்டால் ஆச்சியோடு மீட்டர் கேஜ் ரயிலில் ஏறி மலையைத் தாண்டி அங்கே போய்விடுவோம். வழியில் பதிமூணு வளைவு வைத்த ரயில் பாலம் வரும், பதிமூணு கண் பாலம் என்பார்கள். அது வரும்போது நான் தவறாமல் தூங்கிவிடுவேன். இறங்கியதும் மாமா கேட்கிற முதல் கேள்வி, "மருமகளே, இந்தத் தடவையாவது பாலத்தப் பாத்தியா?" என்பதுதான். ஒரு வருஷம் பார்த்ததாகப் பொய் சொன்னேன். "எத்தன கண்ணு எண்ணுன?" என்று கேட்டு மடக்கிவிட்டார்.

மாமா இறந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. எனக்கு நாற்பத்தேழு வயது. பாலத்தை இன்னும் பார்க்கவில்லை.

ஜூலை 8, சனி. செங்கோட்டை

நேற்று ராத்திரி சென்னையில் ஏறி இன்று காலை இறங்கினோம். தென்காசி வரும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. இதை மழை என்று சொன்னால் இந்த ஊர்க்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். குடை பிடித்தாலும் நனையும், பிடிக்காவிட்டாலும் பெரிதாக நனையாது. வெயிலும் கூடவே அடிக்கும். மேற்கே மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்க, ஆரியங்காவுப் பக்கம் மட்டும் ஒரு கணவாய் திறந்து கிடக்கிறது. கேரளத்தில் கொட்டுகிற தென்மேற்குப் பருவமழையின் மிச்சம் அந்த வழியாகக் காற்றோடு இந்தப் பக்கம் வழிகிறது. குற்றாலத்துக் கூட்டத்துக்கும் இங்கே வயல்வெளியில் நிற்கும் காற்றாலைகளுக்கும் அந்தச் சந்துதான் காரணம்.

காற்று மட்டுமா வந்தது? செங்கோட்டையே முதலில் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும்தான் இருந்தது. ஆச்சி கடைசிவரை பழைய விலைகளைச் சக்கரம் என்ற திருவிதாங்கூர்க் காசுக் கணக்கில்தான் சொல்வாள். எங்களுக்கு ஒன்றும் புரியாது. ஊருக்குள் நுழைகிற பழைய வளைவில் திருவிதாங்கூரின் சங்குச் சின்னத்தை அம்மா காட்டினாள். எத்தனை முறை இதன் கீழே பள்ளிக்கூடம் போயிருப்பேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இரவு பிரானூர் பார்டரில் பரோட்டா. எந்த பார்டர் என்று ஆட்டோக்கார இளைஞனிடம் கேட்டேன். "கேரளா பார்டர்க்கா" என்றான். கேரளா இன்னும் மேற்கே, புளியரையைத் தாண்டி இருக்கிறது. அவன் சொன்னது அவன் பிறப்பதற்கு நாற்பது வருஷம் முன்பே அழிந்த எல்லை. கோடு போனாலும் பெயர் பரோட்டாவைப் பிடித்துக்கொண்டு பிழைத்துவிட்டது. நான்கு பரோட்டா சாப்பிட்டேன். அம்மா இரண்டு.

ஜூலை 9, ஞாயிறு. புனலூர்

கொல்லம் போகிற பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தது. இன்றைக்குத் தூங்கக்கூடாது என்று ஸ்டேஷனிலேயே இரண்டு டீ குடித்துவிட்டேன்.

இந்தப் பாதையில் முதலில் ரயில் ஓடியது 1904-இல். 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜை நிறுத்தி, அகலப்பாதை போட்டு, 2018-இல் திறந்தார்கள். எட்டு வருஷம் மலைக்குள் ரயில் சத்தமே கிடையாது. பழைய ரயிலில் மலை ஏறுகிற இடத்தில் பின்னாலும் ஒரு எஞ்சின் போட்டுத் தள்ளுவார்கள். தள்ளும்போது பெட்டி ஒரு குலுக்கு குலுக்கும். ஆச்சி உடனே கூஜாவைப் பிடித்துக்கொள்வாள். இன்றைக்கு அம்மாவின் கை தானாகத் தண்ணீர் பாட்டிலுக்குப் போனது. குலுக்கல் ஒன்றும் வரவில்லை.

பகவதிபுரம் தாண்டியதும் பெரிய குகை. இருட்டில் பிள்ளைகள் ஊளையிட்டார்கள், அது மட்டும் மாறவே இல்லை. குகைக்கு இந்தப் பக்கம் சாரல், அந்தப் பக்கம் நிஜ மழை. பச்சையின் நிறமே வேறாகிவிட்டது. ரப்பர் மரங்கள், ஈரம் சொட்டுகிற பாறை, ஓட்டு வீடுகள். ஆரியங்காவில் அம்மா கும்பிட்டாள். அங்கே கோயில் கொண்டிருக்கும் ஐயப்பனுக்கு வாழ்க்கைப்பட்ட புஷ்கலா தேவி மதுரை சௌராஷ்டிரப் பெண் என்பது ஐதீகம். அதனால் மார்கழியில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து அவர்கள்தான் பெண் வீட்டாராக வருவார்கள். "கேரளாக்காரர் மாப்பிள்ள வீடு, நம்ம பொண்ணு வீடு" என்று எதிரே இருந்த மலையாளி அம்மாளிடம் சொன்னாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு, "அப்போ சீதனம் எவிடே?" என்றாள். அதற்குப் பிறகு தென்மலை வரை இருவரும் நிறுத்தவில்லை. இவள் தமிழில் பேச அவள் மலையாளத்தில் பேச, சண்டை போலக் கேட்டாலும் விஷயம் என்னவோ வாழைக்காய் வறுவல்தான்.

இடப்பாளையம் தாண்டியதும் கதவருகே போய் நின்றேன். "இதா, இதா" என்று யாரோ கத்தினார்கள். பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். கீழே ரோடு, ரோட்டை ஒட்டி ஆறு, ஒரு லாரி, இரண்டு கடை, நிறைய மரம். அவ்வளவுதான். ரயில் போய்விட்டது. பாலம் எங்கே?

வந்து உட்கார்ந்தேன். "பாத்தியா?" என்றாள் அம்மா.

"ஒண்ணும் தெரியலம்மா."

"எப்படித் தெரியும்? பாலத்து மேலல்லா இருந்தோம்."

நான் அப்படியே அவளைப் பார்த்தேன். நாற்பது வருஷமாக என்னைக் குற்றவாளியாக வைத்திருந்த விஷயம்! முழித்துக்கொண்டே இருந்திருந்தாலும் ஒரு கண்கூடத் தெரிந்திருக்காது. "மாமா மட்டும் எப்படிப் பாத்தாரு?" என்றேன். "அவன் சைக்கிள்ல பாத்திரம் விக்கப் போவான்லா ரோட்டு வழியா" என்றாள். இதை 1985-லேயே சொல்லியிருக்கலாம்.

புனலூரில் மழை. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அம்மா வாசலில் நின்று படிக்கட்டை மட்டும் கொஞ்ச நேரம் பார்த்தாள், படிக்கட்டு பழையதுதான். பிறகு தூக்குப்பாலத்துக்குப் போனோம். கல்லடை ஆற்றின் மேல் இரண்டு கல் கோபுரங்களுக்கு நடுவே சங்கிலியில் தொங்குகிற பாலம். 1877-இல் கட்டியது. இப்போது நடந்து போகிறவர்களுக்கு மட்டும். கீழே ஆறு கலங்கி ஓடிக்கொண்டிருந்தது. மாமா கல்யாணமான புதிதில் அத்தையை இங்கேதான் கூட்டிவந்தாராம். பலகை ஆடுவதாகப் பயந்து பாதியில் திரும்பிவிட்டாளாம் அத்தை. அம்மா முழுதும் நடந்து அந்தக் கரையைத் தொட்டுவிட்டு வந்தாள்.

ஜூலை 10, திங்கள். செங்கோட்டை, இரவு

திரும்புவதற்குப் பஸ். கண்டக்டரிடம் பாலத்தில் இறக்கிவிடச் சொல்லியிருந்தேன், அவர் மறந்துவிட்டார். ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இறங்கி மழையில் திரும்பி நடந்தோம். எழுபத்திரண்டு வயது அம்மாவுக்கு எந்தப் புகாரும் இல்லை, புலம்பியதெல்லாம் நான்தான்.

ஒரு திருப்பத்தில், சொல்லாமல் கொள்ளாமல், அது நின்றது. ரோட்டுக்குப் பக்கத்திலேயே, கைக்கு எட்டுகிற மாதிரி. உயரமான தூண்கள், அவற்றுக்கு நடுவே வளைவுகள். பிராட் கேஜ் பாரத்துக்காகத் தூண்களை வலுப்படுத்தியிருக்கிறார்கள். அதனால் கீழே பழைய கல்லின் அழகு கொஞ்சம் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் இடிக்கவில்லை, அதுவே பெரிது. மலையாளத்தில் 'பதிமூந்நு கண்ணற' என்கிறார்கள். அவர்களுக்கும் கண்தான்.

எண்ணினேன். மரம் மறைத்ததில் முதல் தடவை பன்னிரண்டு. அம்மா எண்ணிப் பதினாலு என்றாள். எதிரே சாயாக் கடையில் ஒதுங்கினோம். கடைக்காரர் நாங்கள் விரல் விட்டு எண்ணுவதைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் எண்ணும். பதிமூணு தன்னே" என்றார். சூடாகப் பழம்பொரி கொடுத்தார்.

இரண்டு மணி வாக்கில் கொல்லத்திலிருந்து சென்னை போகும் ரயில் வந்தது. முதலில் சத்தம் மட்டும் மரங்களுக்குள் எங்கேயோ கேட்டது, அப்புறம் எஞ்சின், பெட்டிகள், கடைசியில் தள்ளுகிற எஞ்சின். பெட்டி முழுக்க ஜன்னல்களில் முகங்கள். எல்லாம் கீழே எங்களையே பார்த்தன. அம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு மழையில் இறங்கி நின்று கையை ஆட்டினாள். கதவில் நின்ற ஒரு பையன் பதிலுக்கு ஆட்டினான்.

நான் போட்டோ எடுக்க மறந்துவிட்டேன். அம்மாவின் செருப்பு இன்னும் காயவில்லை, ஃபேனுக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கிறேன்.