நாலு நூலும் அரை இன்ச்சும்

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சமான பின்னம் வீட்டுப்பாடத்தைச் சரிபார்க்கச் சொல்லி நோட்டை நீட்டினாள். 1/2-க்கு 2/4, 3/6, 4/8, 5/10 என்று எழுதியிருந்தாள். அத்தனையும் சரி. அடுத்த வரியில் 2/3-க்கு 3/5, 4/7, 5/9. அத்தனையும் தப்பு.

"இதை எப்படிடி போட்டே?" என்று கேட்டேன்.

"மேல ஒண்ணு கூட்டணும், கீழ ரெண்டு கூட்டணும்மா. முதல் கணக்குல அப்படித்தானே வந்திருக்கு?"

திரும்பப் பார்த்தேன். அவள் சொன்னது உண்மைதான். 1/2-இன் வரிசையில் தொகுதி ஒவ்வொன்றாக ஏறுகிறது, பகுதி இரண்டிரண்டாக ஏறுகிறது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவளே கண்டுபிடித்திருக்கிறாள். இவ்வளவு கூர்ந்து பார்த்துவிட்டுத் தப்பு செய்த குழந்தையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

"கூட்டக் கூடாதும்மா, மேலயும் கீழயும் ஒரே எண்ணால பெருக்கணும்" என்றேன். உடனே கேட்டாள்: "பெருக்கினா பெருசாயிடுமே, அப்புறம் எப்படி சமமா இருக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் அந்த ஒரு வரிதான். அதை வைத்தே மார்க் வாங்கிவிட்டேன், ஏன் என்று கேட்டதேயில்லை.

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவர். எழுந்து போய்த் தன் இரும்பு டேப்பை எடுத்து வந்து பேத்தி முன்னால் இழுத்து வைத்தார். "ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல் கண்ணு. பட்டறைக்கு ஒருத்தர் வந்து நாலு நூல் பலகை கேப்பார், இன்னொருத்தர் அரை இன்ச்சு பலகை கேப்பார். ரெண்டு பேருக்கும் நான் எடுத்துக் குடுக்கிறது ஒரே பலகைதான்."

அவள் சுட்டுவிரல் நகத்தை அரை இன்ச் கோட்டின் மேல் வைத்தாள். கால் இன்ச்சாக எண்ணினால் அந்தக் கோடு 2/4. நூலாக எண்ணினால் 4/8. டேப்பில் இருக்கும் மிகச் சின்னக் கோடுகளை எண்ணினால் 8/16. மூன்று முறை எண்ணியும் நகம் வைத்த இடம் மாறவில்லை. அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது. ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்டினால் மொத்தத் துண்டுகளும் இரண்டு மடங்கு, நம் பங்குக்கு வந்த துண்டுகளும் இரண்டு மடங்கு. மேலும் கீழும் பெருக்குகிறோம் என்பது இதைத்தான். எண்ணிக்கை கூடுகிற அளவுக்குத் துண்டு சிறுத்துவிடுவதால் பங்கு அப்படியே நிற்கிறது.

"எட்டணாவும் இந்தக் கணக்குதான்" என்றார் அப்பா. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் அரை ரூபாய் 8/16. 1957-இல் ரூபாய்க்கு 100 பைசா என்று ஆனதும் அதே அரை ரூபாய் 50/100 ஆனது. அதற்குப் பிறகும் எங்கள் வீட்டில் ஐம்பது பைசாவுக்கு எட்டணா என்றுதான் பேர்.

2/3-க்கு அந்த டேப் உதவாது, எட்டு நூலை மூன்றாகப் பிரிக்க முடியாதே. அவளுடைய ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த 15 செ.மீ. ஸ்கேலை வைத்து அதே நீளத்துக்கு ஒரு காகிதப் பட்டை வெட்டினேன். மூன்றாகப் பிரித்தால் ஒரு பங்கு 5 செ.மீ., இரண்டு பங்கு 10. ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு 3 செ.மீ., மூன்று பங்கு 9. இரண்டு இடத்திலும் பென்சிலால் கோடு போடச் சொன்னேன். நடுவில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. 2/3-உம் 3/5-உம் ஒன்றில்லை என்று அவளே பார்த்துவிட்டாள்.

ஆனாலும் முகம் தெளியவில்லை. "அப்ப 1/2-க்கு மட்டும் ஏன் சரியா வந்துச்சு?" என்றாள். நல்ல கேள்வி. அதை அப்படியே விட்டிருந்தால் அவள் மனதில் அது முள்ளாகவே கிடந்திருக்கும். "1/2-ல மேல என்ன இருக்கு, கீழ என்ன இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவள், "மேல ஒண்ணு, கீழ ரெண்டு... அதையேதான் கூட்டியிருக்கேன்! அப்ப 2/3-க்கு மேல ரெண்டும் கீழ மூணும் கூட்டணும்!" என்று கத்தினாள். 4/6, 6/9, 8/12 என்று எழுதிக்கொண்டே போனாள். திரும்பத் திரும்பக் கூட்டுவதுதானே பெருக்கல். அவள் கண்டுபிடித்த விதியை அவளே திருத்திக்கொண்டாள். நான் சொன்ன விதியும் அதற்குள்ளேயே இருந்தது.

நோட்டை மூடிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு ஓடினாள். தாத்தா செய்த அலமாரியின் பலகையில் வைத்துக் கோடுகளை எண்ணிவிட்டு உள்ளிருந்தே குரல் கொடுத்தாள்: "தாத்தா, ஆறு நூல். அப்படின்னா முக்கால் இன்ச்சு, சரியா?"