நாலாவது இடம்: டெக்சாஸ் பள்ளி ஃபுட்பாலில் பிளே ஆஃப் கணக்கு பார்த்த அனுபவம்

2024 நவம்பரில் என் மகனின் பள்ளி அணி டெக்சாஸ் மாநில பிளே ஆஃபுக்குத் தகுதி பெற்றது. ஆடியது பத்து ஆட்டம், ஜெயித்தது ஐந்து. ஊரிலிருந்து போனில் பேசிய என் அண்ணன், "பாதிக்குப் பாதி தோத்த டீமை எப்படிம்மா உள்ளே விட்டாங்க?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அந்த சீசன் முழுக்க நான் தேடிக்கொண்டிருந்ததும் அதற்கான பதிலைத்தான். ஹெல்மெட் போட்டு ஆடும் இந்த ஃபுட்பாலுக்குள் பிள்ளையை அனுப்பும் தமிழ்க் குடும்பங்கள் இப்போது கொஞ்சம் கூடியிருப்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

டாலஸுக்கு வடக்கே உள்ள புறநகர்களில் நம் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை இரவு மைதானத்தில் இறங்குவது பெரும்பாலும் அணிவகுத்து வாசிக்கும் மார்ச்சிங் பேண்டோடுதான். என் மகன் சின்ன வயதிலிருந்து சாக்கர், அதாவது நம்மூர்க் கால்பந்து, ஆடியவன். காலில் பலம் இருக்கிறது என்று கோச் அவனை கிக்கராக, அதாவது பந்தை உதைப்பதற்கென்றே உள்ள ஆளாக, எடுத்துக்கொண்டார். மூளை அதிர்ச்சி பற்றிய படிவத்தில் கையெழுத்துப் போடும்போது எனக்கு மனசே இல்லை. கிக்கர் மேல் அவ்வளவாக யாரும் மோத மாட்டார்கள் என்று அவன்தான் சமாதானம் சொன்னான். நாங்கள் வேறு மாநிலத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் பழைய பள்ளியில் ஆடியது பற்றி இன்னொரு படிவமும் உண்டு. விளையாட்டுக்காகப் பள்ளி மாறவில்லை என்று அதில் உறுதி சொல்ல வேண்டும். அப்படி மாறியதாகத் தீர்மானித்தால் ஒரு வருடம் வார்சிட்டி என்ற பள்ளியின் முதன்மை அணியில் ஆட முடியாது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தகுதியில்லாத ஒரு பையன் ஆடியது தெரிந்தால் ஜெயித்த ஆட்டமும் பறிபோகும், பட்டியலே மாறிவிடும்.

இந்தப் போட்டிகளை எல்லாம் நடத்துவது யுஐஎல் (யுனிவர்சிட்டி இன்டர்ஸ்கொலாஸ்டிக் லீக்) என்ற அமைப்பு. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது, 1910இல் தொடங்கியது. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளை 1ஏ முதல் 6ஏ வரை பிரிக்கிறார்கள். 2024க்கான பிரிப்பில் 2275 மாணவரோ அதற்கு மேலோ இருந்தால் 6ஏ. நாங்கள் அந்தக் கோட்டைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தோம். இந்தச் சின்ன விஷயம் நவம்பரில் எவ்வளவு பெரிதாகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரித் தொடக்கத்தில், எந்தப் பள்ளி எந்த டிஸ்ட்ரிக்டில் என்று புதிதாக அறிவிப்பார்கள். டிஸ்ட்ரிக்ட் என்பது எங்கள் விஷயத்தில் எட்டுப் பள்ளிகள் கொண்ட குழு. அன்று காலை கோச்சுகள் அந்தந்த வட்டாரக் கல்வி மையத்தில் கூடுவார்கள். உறையைப் பிரித்ததும் ஒரே பரபரப்பு. டிஸ்ட்ரிக்ட் ஆட்டங்கள் போக மிச்சமுள்ள வாரங்களுக்கு எதிரணி பிடிக்க வேண்டுமே! அங்கேயே கையில் போனோடு பேசி முடிக்கிறார்கள். எட்டுப் பள்ளி என்றால் டிஸ்ட்ரிக்டுக்குள் ஏழு ஆட்டம், வெளியே மூன்று, ஒரு வாரம் ஓய்வு. மொத்தம் பதினோரு வாரம்.

இதில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, அந்த வெளி ஆட்டம் மூன்றும் பிளே ஆஃப் கணக்கில் வரவே வராது என்பது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் நாங்கள் இரண்டு தோற்றோம், ஒன்று ஜெயித்தோம். பெற்றோர் கூட்டத்தில் பலருக்கு முகம் தொங்கிவிட்டது. கோச் கவலைப்படவே இல்லை. வேண்டுமென்றே பலமான அணிகளாகப் பார்த்துப் பிடித்திருந்தார். டிஸ்ட்ரிக்டில் முதல் நாலு இடம் பிடித்தால் உள்ளே, அவ்வளவுதான். 6ஏயில் 32 டிஸ்ட்ரிக்ட், ஆக 128 அணி.

இன்னொன்று, ஆட்டம் எப்போதும் வெள்ளிக்கிழமைதான் என்று நினைக்காதீர்கள். பெரிய புறநகர்களில் பல பள்ளிகள் ஒரே மைதானத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன, அதனால் வியாழனிலும் ஆட்டம் வரும். அந்த வருடம் தீபாவளி வியாழக்கிழமை வந்தது. எங்கள் ஆட்டம் அதற்கு மறுநாள் என்பதில் எனக்கு எவ்வளவு நிம்மதி!

அக்டோபரில் மதிப்பெண் வந்தது. 1984இல் கொண்டுவந்த சட்டப்படி, ஏதாவது ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் மூன்று வாரம் ஆட முடியாது. பயிற்சிக்கு வரலாம், ஆட்டத்தில் இறங்கக் கூடாது. எங்கள் டிஸ்ட்ரிக்டில் ஒரு அணி இதில் முக்கியமான ஆளை இழந்தது. கடினமான மேல்நிலைப் பாடங்கள் சிலவற்றுக்கு விலக்கு உண்டு. எந்தெந்தப் பாடம் என்பதை முன்கூட்டியே பள்ளியில் கேட்டுவையுங்கள். கால்குலஸ் எடுக்கும் நம் பிள்ளைகளுக்கு இது தேவைப்படும்.

சரி, இனி கணக்கு. எங்கள் டிஸ்ட்ரிக்டில் இரண்டு பள்ளிகள் யாருக்கும் எட்டாத உயரத்தில் இருந்தன. கடைசி மூன்று பள்ளிகளுக்கு அது மோசமான வருடம். நடுவில் நாங்களும் வேறு இரண்டு பள்ளிகளும். பெயர் வேண்டாம், கிழக்குப் பள்ளி, தெற்குப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு இருந்தது இரண்டே இடம்.

அக்டோபர் தொடக்கத்தில் தெற்குப் பள்ளியிடம் தோற்றோம். கடைசி சில விநாடிகள் இருக்கும்போது 27க்கு 16. ஜனங்கள் காரை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நேரத்தில் கோச் என் மகனை ஃபீல்ட் கோல் அடிக்க அனுப்பினார். பக்கத்தில் இருந்தவர், "இப்ப இது எதுக்கு?" என்றார். எனக்கும் தெரியவில்லை. பந்து கம்பங்களுக்கு நடுவே போனது, மூன்று புள்ளி, 27க்கு 19. வீட்டுக்கு வரும் வழியில் அவனிடம் கேட்டேன். "டிஃபரென்ஷியல்மா, கோச் ஒவ்வொரு வாரமும் சொல்வார்" என்றான்.

டிஃபரென்ஷியல் என்றால் புள்ளி வித்தியாசம். அதற்குப் பிறகுதான் டை பிரேக்கர் விதியை, அதாவது அணிகள் சமமாக நின்றால் யார் மேலே என்று சொல்லும் விதியை, தேடினேன். இது மாநிலம் முழுக்க ஒரே விதி இல்லை. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் பள்ளிகளின் பிரதிநிதிகள் கொண்ட நிர்வாகக் கமிட்டி இருக்கிறது, சீசனுக்கு முன்பே ஓட்டெடுத்து அதுவே முடிவு செய்கிறது. இரண்டு அணி சமம் என்றால் நேருக்கு நேர் யார் ஜெயித்தார்களோ அவர்கள் மேலே. மூன்று அணி ஒன்றையொன்று சுற்றி ஜெயித்திருந்தால், அந்த மூவருக்குள் நடந்த ஆட்டங்களின் புள்ளி வித்தியாசத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஐபிஎல் நெட் ரன் ரேட் போலத்தான், ஆனால் உச்சவரம்பு உண்டு. எங்களுக்கு ஒரு ஆட்டத்துக்கு 15. 40 புள்ளியில் ஜெயித்தாலும் 15தான் எழுதுவார்கள். தளர்ந்துபோன அணியைப் போட்டு மிதிக்காமல் இருக்க இது நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து.

ஆனால் விதியில் இன்னொரு வரி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். வித்தியாசத்தில் முதலாவது வந்த அணியை எடுத்துவிட்ட பிறகு, மிச்சமுள்ள இருவரை மறுபடி நேருக்கு நேர் முடிவுக்குத் திருப்புவதா, அல்லது அதே வரிசையில் எடுப்பதா? சில டிஸ்ட்ரிக்டுகளில் திருப்புவார்கள். அப்படி என்றால், கிழக்கு முதலில் போய் நாங்களும் தெற்கும் மிஞ்சும்போது எங்கள் கதை முடிந்தது. பெற்றோருக்குள் இதைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், எல்லாரும் உறுதியாகவே சொன்னார்கள். நான் பள்ளியின் விளையாட்டு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி, கமிட்டி ஏற்றுக்கொண்ட வாசகத்தையே கேட்டு வாங்கினேன். திருப்புவதில்லை, வித்தியாச வரிசைதான் முடிவு என்று அதில் தெளிவாக இருந்தது. தயங்காமல் தந்தார்கள். அது ஒன்றும் ரகசிய ஆவணம் இல்லை.

கிழக்குப் பள்ளியை நாங்கள் 20க்கு 14 என்று ஜெயித்திருந்தோம். எங்கள் கூட்டல் ஆறு, கழித்தல் எட்டு, ஆக மைனஸ் 2. கடைசி வாரம் வியாழனன்றே எங்கள் ஆட்டம் முடிந்துவிட்டது, டிஸ்ட்ரிக்டில் நாலு வெற்றி, மூன்று தோல்வி. மறுநாள் வெள்ளி, நவம்பர் 8, கிழக்கும் தெற்கும் மோதின. தெற்கு ஜெயித்தால் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, நாலாவது இடம் உறுதி. கிழக்கு ஜெயித்தால் மூவரும் சமம்.

கிழக்கு எத்தனை புள்ளியில் ஜெயித்தால் என்ன ஆகும் என்று இரவு உட்கார்ந்து தாளில் போட்டுப் பார்த்தேன். ஒன்று முதல் மூன்று வரை என்றால் கிழக்கு எங்களுக்குக் கீழே, நாங்கள் உள்ளே. ஐந்து முதல் ஒன்பது வரை என்றால் அவர்கள் இருவரும் எங்களுக்கு மேலே, நாங்கள் வெளியே. பதினொன்றுக்கு மேல் என்றால் தெற்கு கீழே இறங்கிவிடும், நாங்கள் மறுபடி உள்ளே. நாலும் பத்தும் வந்தால் அடுத்த விதிக்குப் போக வேண்டும், அங்கே கடைசியில் காத்திருப்பது நாணயம் சுண்டிப் பார்ப்பது. 1988இல் மேற்கு டெக்சாஸில் ஒடெசா பெர்மியன், மிட்லண்ட் லீ, மிட்லண்ட் ஹை மூன்றும் இப்படிச் சமமாக நின்றன. நாணயம் சுண்டித்தான் இரண்டைத் தேர்ந்தெடுத்தார்கள், மிட்லண்ட் ஹை வெளியே போனது. ஒரு சீசன் உழைப்பு அப்படி முடிவதை நினைத்தாலே எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த மூன்று புள்ளி ஃபீல்ட் கோல் இல்லாமலும் போட்டுப் பார்த்தேன். எங்கள் கணக்கு மைனஸ் 5 ஆகியிருக்கும். உச்சவரம்பு 15 என்பதால், கிழக்கு எவ்வளவு பெரிதாக ஜெயித்தாலும் தெற்கு எங்களுக்குக் கீழே வந்திருக்காது. வெளியே நடந்துகொண்டிருந்த ஜனங்கள் திரும்பிக்கூடப் பார்க்காத உதை அது.

வெள்ளிக்கிழமை எங்கள் பையன்களும் பெற்றோரில் பாதிப் பேரும் அந்த மைதானத்துக்கே போய் உட்கார்ந்தோம். நாலாவது கால்பகுதியில் கிழக்கு 28, தெற்கு 21. ஏழு புள்ளி. அதே நிலையில் முடிந்தால் அவர்கள் இருவரும் உள்ளே, நாங்கள் வீட்டுக்கு. தெற்கு அணி நினைத்திருந்தால் நேரத்தைக் கடத்தி, தோற்றே தகுதி பெற்றிருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை, ஜெயிப்பதற்காகத் துணிந்து பந்தை எறிந்தார்கள். கிழக்குப் பையன் ஒருவன் அதை இடையில் பிடித்துக் கோடு வரை ஓடிவிட்டான். 35க்கு 21. வித்தியாசம் பதினாலு. நாங்கள் மைனஸ் 2, தெற்கு மைனஸ் 6. எங்கள் பக்கம் பையன்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து குதித்தார்கள். எதிரே தெற்குப் பிள்ளைகள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றதையும் பார்த்தேன். அவர்களது கோச் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

இதோடு முடியவில்லை. 6ஏயில் தகுதி பெற்ற நாலு பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை அதிகமுள்ள இரண்டு முதல் டிவிஷனுக்கும், மற்ற இரண்டு இரண்டாம் டிவிஷனுக்கும் போகும், இரண்டுக்கும் பிளே ஆஃப் தனித்தனி. எந்த இடம் பிடித்தோம் என்பது இந்தப் பிரிப்பில் சேராது. முதல் இரண்டு இடம் பிடித்தவை பெரிய பள்ளிகள், அதனால் கிழக்கும் நாங்களும் சிறிய பக்கம். மூன்றாவது வந்த கிழக்கு, தன் டிவிஷனில் முதலிடக்காரராகிச் சொந்த ஊரில் ஆடியது. எங்களுக்குப் பதில் தெற்கு வந்திருந்தால் நிலைமையே வேறு. அவர்கள் பள்ளி பெரியது, இரண்டாவது வந்த பள்ளியையே டிவிஷன் மாற வைத்திருக்கும். நாலாவது யார் என்பதற்காக மேலே இருந்தவர்களும் காத்திருந்தது இதனால்தான். சீசன் தொடங்கும்போதே எட்டுப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையையும் எழுதி வைத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் இருக்காது.

சனிக்கிழமையே ஆட்டம் எங்கே, எந்த நாள், எத்தனை மணி என்று வந்துவிட்டது. அடுத்த டிஸ்ட்ரிக்ட் முதலிடக்காரரின் ஊர், கார் தூரம்தான். எல் பாசோ பள்ளிகள் மிட்லண்ட், ஒடெசா பக்கம் ஆடப் போனால் 400 கிலோமீட்டருக்கு மேல் பஸ் பயணம். டிக்கெட் ஆன்லைனில் மட்டும், உள்ளே எடுத்துப் போகும் பை கண்ணாடி போலத் தெரிய வேண்டும், நவம்பர் இரவுக்குக் கம்பளி கட்டாயம். டிசம்பர் ஊர்ப் பயணத்துக்கு மாற்றக்கூடிய விமான டிக்கெட்டாக எடுத்திருந்தோம். இறுதி ஆட்டம் டிசம்பர் மூன்றாவது வாரத்தில் ஆர்லிங்டனில், அதையும் சேர்த்து ஆறு சுற்று. அந்த வெள்ளிக்கிழமை நல்ல அணியிடம் தோற்றோம், டிக்கெட்டை மாற்ற வேண்டி வரவில்லை.

இரண்டு வருடப் பிரிப்பு என்பதால் 2025 சீசனுக்கும் அதே எட்டுப் பள்ளிகள்தான், மைதானம் மட்டும் மாற வேண்டியிருந்தது. தெற்குப் பள்ளி எங்கள் ஊருக்கு வர வேண்டியிருந்தது. டை பிரேக்கரைக் கமிட்டி மறுபடி ஓட்டுக்கு விடலாம் என்று கேள்விப்பட்டதால், ஆகஸ்டிலேயே புது வாசகத்தைக் கேட்டு எழுதுவதாக மற்ற பெற்றோரிடம் சொல்லிவைத்திருந்தேன்.