மூன்று முறை கேட்ட டிரா

ஆறாவது சுற்றில் எனக்கு எதிரே உட்கார்ந்த பையனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். நான் கலந்துகொண்ட முதல் ரேட்டிங் (தரப்புள்ளி) செஸ் போட்டி அது. ஆளுக்கு 90 நிமிடம், நகர்த்தலுக்கு 30 விநாடி கூடுதல்.

24ஆவது நகர்த்தலுக்கு யோசிக்கும்போதே, "டிரா?" என்று கேட்டுவிட்டேன். அவன் பலகையைக் காட்டி, "முதலில் நகர்த்துங்கள், அங்கிள்" என்றான். அதுதான் முறை. காயை நகர்த்தி, டிரா கேட்டு, அதன் பிறகே கடிகாரத்தை அழுத்த வேண்டும். முன்னதாகக் கேட்டாலும் கேட்டது கேட்டதுதான். திரும்பப் பெற முடியாது. பதற்றத்தில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தேன். பத்து நிமிடம் யோசித்தவன், பேசாமல் தன் யானையைத் தொட்டான். நகர்த்தும் எண்ணத்துடன் காயைத் தொட்டாலே டிராவை மறுத்ததாகப் பொருள்.

ஒரு சிப்பாய் போனது. யானைகளும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய கட்டத்தில் இன்னும் இரண்டு முறை கேட்டேன். கடைசி முறை கேட்டபோது ஓடிக்கொண்டிருந்தது அவனுடைய கடிகாரம். அவன் கையை உயர்த்தி நடுவரை அழைத்தான். "இது எதிராளியின் கவனத்தைக் கலைப்பது. மறுபடியும் செய்யாதீர்கள்" என்று நடுவர் தாழ்ந்த குரலில் எச்சரித்தார். இத்தனை முறைதான் கேட்கலாம் என்று விதியில் எண்ணிக்கை கிடையாது. ஆனாலும் ஒருவர் மறுத்துவிட்டால், ஆட்டத்தின் நிலை நன்றாக மாறும்வரை பேசாதிருப்பதும், அடுத்து அவரே கேட்கட்டும் என்று விடுவதும்தான் மரியாதை. வெற்றிக்கு வழி தேடிக்கொண்டிருந்த பிள்ளையின் யோசனையை அறுத்தது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதன் பிறகு கேட்கவில்லை. யானையால் ராஜாவுக்குச் செக் வைத்துக்கொண்டே இருந்தேன். ஒரே நிலை மூன்றாம் முறை வரப்போவதாகத் தோன்றியது. அப்படி வந்தால் டிரா கோரலாம். இதற்குத் தனி முறை உண்டு: ஆடப்போகும் நகர்த்தலை, ஆட்டத்தைப் பதிவுசெய்யும் தாளில் எழுத வேண்டும், பலகையில் காயைத் தொடக் கூடாது, கடிகாரத்தை நிறுத்தி நடுவரை அழைக்க வேண்டும். அப்படியே செய்தேன். இந்தக் கோரிக்கையும் டிரா கேட்டதாகவே கருதப்படும் என்பதால் நடுவர் முதலில் பையனிடம் கேட்டார். அவன் தலையசைத்து மறுத்தான். தாள்களைச் சரிபார்த்தபோது என் கணக்கு தவறு என்று தெரிந்தது. நான் முதலாவதாக எண்ணிய நிலையில் காய்கள் அதே இடங்களில்தான் இருந்தன. ஆனால் அப்போது நகர்த்த வேண்டியவன் நான். யாருடைய முறை என்பதும் ஒத்துப்போனால்தான் அது ஒரே நிலை.

என் கோரிக்கை தவறானதால் அவனுக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. எழுதிய நகர்த்தலையே நான் ஆட வேண்டியதாயிற்று. ராஜா ஒரு கட்டம் விலகித் திரும்பியது. என் யானையும் அப்படியே. இம்முறை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து எண்ணிவிட்டு எழுதினேன். நடுவர் சரிபார்த்து ஒப்புக்கொண்டார். அரைப் புள்ளி.

கையெழுத்திடத் தாள்களை மாற்றிக்கொண்டோம். நான் டிரா கேட்ட மூன்று இடங்களிலும், விதிப்படி, (=) என்று அவன் சின்னதாகக் குறித்திருந்தான். என் தாளில் அந்தக் குறி ஓரிடத்திலும் இல்லை. "மன்னித்துக்கொள், தம்பி" என்று சொல்லிக் கை கொடுத்தேன்.