மெட்டல் ஹார்ட் கேட்ட நாட்கள்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு

நேற்று மறுவாழ்வு மையத்திலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். ஜனவரி நடுவில் நெஞ்சைத் திறந்து, சுருங்கிப்போயிருந்த பெருந்தமனி வால்வை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்தார்கள். பிளந்த மார்பெலும்பை எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். எலும்பு கூடும்வரை, அதாவது 12 வாரத்துக்கு, கனமான எதையும் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தும்ம வேண்டும்.

வால்வுக்குச் சத்தம் உண்டு. இரண்டு சின்ன இதழ்கள் ஒவ்வொரு துடிப்புக்கும் மூடும்போது ‘டிக்’ என்று கேட்கும். பகலில் தெரியாது. இரவில் அறை அடங்கியதும் துல்லியமாகக் கேட்கிறது, வாயைத் திறந்தால் இன்னும் பெரிதாக. நேற்றிரவு மனைவி, “அந்தக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வெச்சுட்டுப் படுங்களேன்” என்றாள். நான் கடிகாரமே கட்டியிருக்கவில்லை. அப்புறம் இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

கீழ்வீட்டுப் பெரியவர் பார்க்க வந்தார். வாழ்நாள் முழுக்கக் கத்தி சாணை பிடித்தவர். எழுபதைத் தாண்டியும் விரல்கள் இடுக்கி மாதிரி இருக்கும். நாங்கள் குடியிருக்கும் இந்த ஜெர்மன் ஊரான சோலிங்கனில் அந்தத் தொழிலுக்குத் தனி மரியாதை. இங்கே செய்யாத கத்தியில் இந்த ஊர்ப் பெயரைப் பொறிக்கச் சட்டமே இடம் தராது.

கையில் ஒரு பழைய எல்பி தட்டு கொண்டுவந்தார். அக்செப்ட் என்ற ஜெர்மன் ஹெவி மெட்டல் இசைக்குழுவின் ‘மெட்டல் ஹார்ட்’. “உங்களுக்குத்தான் பொருத்தம்” என்று சொல்லிவிட்டு, தவறாக எடுத்துக்கொள்வேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இது என் கல்லூரிக் காலத்து ஆல்பம். ஒலிநாடாவில் கேட்டது. அந்த இசைக்குழு பிறந்த ஊரிலேயே வீடு எடுத்துக் குடியிருப்பேன் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

மார்ச் 3, திங்கள்

ரோஜாத் திங்கள். கொலோன் பக்கம் முழுக்கத் திருவிழா, தொலைக்காட்சியில் மிட்டாய் மழை. நான் ஜன்னலோரம் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

‘மெட்டல் ஹார்ட்’ பாட்டு உடனே சூடு பிடிக்காது. முதலில் கிட்டார் தனியாக, மெதுவாக, ஒரு பழைய மெட்டை எடுக்கிறது. சைகோவ்ஸ்கியின் ‘ஸ்லாவிய அணிவகுப்பு’. 1876-இல், போரில் காயம்பட்ட செர்பியர்களுக்காக நடந்த உதவிக் கச்சேரிக்கு அவர் எழுதியது. சவ ஊர்வலத்தின் நடையில் தொடங்கும். அந்தத் துக்கத்தின் மேல்தான் அக்செப்டின் ரிஃப், திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு, வந்து இறங்குகிறது. ஸ்டெஃபான் காஃப்மனின் டிரம்ஸ் அலட்டிக்கொள்ளாமல் நடக்கிறது, உடோ டிர்க்ஷ்னைடரின் குரல் அரம் போட்டுத் தேய்க்கிறது, பல்லவிக்கு வரும்போது ஆண்கள் கூட்டமாகப் பாடுகிறார்கள், தேவாலயத்துக் கோரஸ் மாதிரி. பிறகு கிட்டார் சோலோ. நடுவில் திடீரென்று பேத்தோவனின் ‘ஃபூர் எலீஸ்’. பியானோ கற்கும் பிள்ளைகள் எல்லோரும் முதலில் வாசிப்பார்களே, அதே மெட்டு.

இந்த இடத்தைக் கல்லூரியில் எத்தனையோ முறை கேட்டுக் கைதட்டியிருக்கிறேன். இன்று கண்ணில் நீர் வந்துவிட்டது.

மார்ச் 4, செவ்வாய்

ஆல்பம் வெளியாகி இன்றோடு 40 வருடம். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பாட்டின் கரு எங்கிருந்து வந்தது என்று கிட்டார் கலைஞர் வோல்ஃப் ஹாஃப்மன் சொல்லியிருக்கிறார். செயற்கை இதயம் பற்றி எங்கோ ஒரு கட்டுரை படித்தார்களாம். ஒருநாள் எல்லோருக்குள்ளும் எந்திர இதயம் வந்துவிடும், மனிதர்கள் ரோபோக்களாகிக்கொண்டிருக்கிறார்கள் என்ற பயத்திலிருந்து பாட்டு பிறந்தது. ‘டெஃபி’ என்ற பெயரில் வரிகளுக்குப் பங்களித்தவர் அவர்களுடைய மேலாளர் காபி ஹாவுகே.

அந்தக் காலத்தை நினைத்துப் பார்த்தால் பயம் புரிகிறது. 1982 டிசம்பர் 2 அன்று அமெரிக்காவில், யூட்டா பல்கலைக்கழகத்தில், பார்னி கிளார்க் என்ற பல் மருத்துவருக்கு ‘ஜார்விக் 7’ இதயத்தைப் பொருத்தினார்கள். 112 நாள் இருந்தார். படுக்கை பக்கத்தில் ஒரு பெரிய பெட்டி, அதிலிருந்து வயிற்றுக்குள் போகும் குழாய்கள், காற்றழுத்தத்தால் ஓடும் இதயம். 1984 நவம்பரில் வில்லியம் ஷ்ரோடர். அவர் 620 நாள் வாழ்ந்தார். இந்த ஆல்பம் கடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். உலகம் முழுக்க அந்தப் பெட்டியையும் குழாயையும் செய்தியில் பார்த்துக்கொண்டிருந்தது.

இசைக்குழுவினர் பயந்த அந்த வழியில் நடந்தவர்களால்தான் இன்று நான் காலையில் எழுந்து காப்பி போடுகிறேன். ஆனால் அவர்கள் பயந்தது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மருத்துவமனையில் முதல் வாரம், என் நெஞ்சுக்குள் இருப்பது என்னுடையது இல்லை என்ற எண்ணம் எனக்கே வந்தது. ராத்திரி முழுக்க அந்த டிக்கை எண்ணிக்கொண்டு கிடந்தேன். யாரோ ஒரு அந்நியர் உள்ளே உட்கார்ந்து கணக்கு எழுதுவது போல இருந்தது.

உள்ளபடி பார்த்தால் என் வால்வு உலோகம்கூட இல்லை. அறுவை மருத்துவர் ஒரு மாதிரி வால்வைக் கையில் கொடுத்துக் காட்டினார். கருகருவென்று, பளபளப்பாக, ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. இதழ்களின் மேல் சூளையில் சுட்டுப் படியவைத்த கார்பன். ரத்தம் அதன்மேல் எளிதில் உறையாது என்பதற்காக. அப்படியும் வாழ்நாள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டு. வாரம் ஒருமுறை விரலைக் குத்தி, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவைப் பார்க்க வேண்டும். எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இன்று 2.4.

மார்ச் 16, ஞாயிறு

தட்டின் இரண்டாம் பக்கத்தை நான் கல்லூரி நாட்களில் சரியாகவே கேட்கவில்லை என்று தெரிகிறது. ‘டீச் அஸ் டு சர்வைவ்’ பாட்டில் பீட்டர் பால்டெஸின் பேஸ் கிட்டார் ஜாஸ் நடையில் உலாவுகிறது. மெட்டல் ஆல்பத்தில் அப்படி ஒரு நடையை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கடைசிப் பாட்டு ‘பவுண்ட் டு ஃபெயில்’ இன்னொரு பெருங்கோரஸ். முதல் பக்கத்து ‘ஸ்க்ரீமிங் ஃபார் எ லவ் பைட்’ வானொலியை நினைத்துப் போட்டது. எனக்கு ஒட்டவில்லை, அது வருவதற்குள் ஊசியை எடுத்துவிடுகிறேன்.

தயாரித்தவர் டீட்டர் டியர்க்ஸ். ஸ்கார்ப்பியன்ஸின் புகழ்பெற்ற ஆல்பங்களைச் செய்தவர். கொலோனுக்கு வடமேற்கே ஷ்டோமெல்ன் என்ற கிராமத்தில் அவர் ஸ்டுடியோ. அங்கேதான் இதுவும் பதிவானது. 1982-இல் வந்த ‘ரெஸ்ட்லஸ் அண்ட் வைல்ட்’ முரட்டுத்தனமான ஆல்பம், ஓரமெல்லாம் பிசிறு. இதில் ஒவ்வொரு ஓரமும் தீட்டி வைத்ததாக இருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். “கரடுமுரடாத் தேய்க்கிறது ஒரு கல், மெருகு போடறது வேற கல்” என்றார். இந்த ஆல்பத்தைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஏப்ரல் 12, சனி

12 வாரம் முடிந்தது. கிட்டாரை மாட்டிக்கொள்ள அனுமதி கிடைத்தது. வார் தோளிலிருந்து நெஞ்சின் குறுக்கே, தழும்பின் மேலேயே வந்து உட்காருகிறது. ஒரு கைத்துண்டை மடித்து நடுவில் வைத்துக்கொண்டேன்.

‘ஃபூர் எலீஸ்’ தொடக்கத்தைப் பழகினேன். முதல் தந்தியில் 12-ஆம் கட்டம், 11, 12, 11, 12. அப்புறம் இரண்டாம் தந்தியில் 12, முதல் தந்தியில் 10, திரும்ப இரண்டாம் தந்தியில் 13, 10. ஒன்பது சுரம், அவ்வளவுதான். அம்மாவிடம் கற்ற பாட்டு மண்டையில் ஓட, ஸ்வரமாகச் சொல்லிப் பார்த்தேன்: ப ம ப ம ப ரி ம க ஸ. முதலில் வரும் மத்திமம் பிரதி, பின்னால் வருவது சுத்தம். பஞ்சமத்தை ஒட்டி நின்று அது அசைந்து அசைந்து தயங்குகிறதே, அதுதான் இந்த மெட்டின் உயிர். கண்ணால் பார்க்க அற்பமாக இருக்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்தால் தெரியும், ஒவ்வொரு சுரமும் நீண்டு அழுகிறது. பியானோவில் அது வராது, தட்டியதும் ஒலி தேயத் தொடங்கிவிடும்.

ஹாஃப்மன் இதை வேடிக்கைக்குச் செய்யவில்லை என்று விரல் வைத்த பிறகுதான் எனக்கு உறுதியானது. இதயம் எந்திரமாகிவிட்டது என்று பாடும் பாட்டில், ஒரு மனிதன் எப்போதோ யாரோ ஒரு பெண்ணின் பெயர் எழுதி வைத்த மெட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருக்கிறார். பின்னாளில் முழுக்க முழுக்கச் செவ்வியல் இசையையே கிட்டாரில் வாசித்து ‘கிளாசிக்கல்’ என்று 1997-இல் ஓர் ஆல்பம் போட்டார். 2017-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் இசைத் திருவிழாவில் இசைக்குழுவை முழு ஆர்க்கெஸ்ட்ராவோடு மேடையேற்றினார். போன வருடம் வந்த அக்செப்டின் ‘ஹியூமனாய்ட்’ ஆல்பமும் மனிதனையும் எந்திரத்தையும் பற்றித்தான். அந்தக் கேள்வி அவரை விடவே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

‘ஃபூர் எலீஸ்’ கையெழுத்துப் பிரதியில் ஏப்ரல் 27 என்று தேதி இருந்ததாம். அந்தத் தாள் தொலைந்துவிட்டது. 1867-இல் அச்சான பதிப்பு வழியாகத்தான் நமக்குக் கிடைத்தது. அதனால் இன்றைக்கே பான் நகருக்கு ரயில் ஏறினோம், பேத்தோவன் பிறந்த வீட்டுக்கு. முதல் நீண்ட பயணம். மனைவி பையைத் தொடவே விடவில்லை.

கண்ணாடிப் பேழைக்குள் அவருடைய காதுக் குழல்கள் இருக்கின்றன. காது மங்கியபோது மேல்சல் என்ற கண்டுபிடிப்பாளர் செய்து கொடுத்தவை. தகட்டுக் குழல்கள், ஒன்று சமையல் கரண்டி மாதிரி, ஒன்றில் தலையில் மாட்ட வளையம். அதே மேல்சல்தான் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமுக்குக் காப்புரிமை வாங்கியவர். கேட்பதற்காக அந்த மகா கலைஞன் உலோகத்தைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்பதை அவ்வளவு பக்கத்தில் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அறையில் எங்களைத் தவிர ஒரு வயதான ஜெர்மானியத் தம்பதி மட்டும். பழைய வீடு, தரை கிறீச்சிடாத நேரத்தில் பரிபூரண அமைதி. என் டிக் வெளியே கேட்டது. அந்த அம்மா திரும்பி என் மணிக்கட்டைப் பார்த்தார், பிறகு என் சட்டைக்கு மேலே தெரிந்த தழும்பின் நுனியைப் பார்த்தார். தன் நெஞ்சில் விரலை வைத்து, “என் அண்ணனுக்கும்” என்றார். “எத்தனை வருஷமா?” என்று கேட்டேன்.

“இருபத்தொன்பது.”

வரும் வழியில் ரயிலில் மனைவி என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள், காது சரியாக நெஞ்சுப் பக்கம். வீட்டுக்கு வந்ததும் விரலைக் குத்திப் பார்த்தேன், 2.6. தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போனேன். பெரியவர் வாங்கவில்லை. கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்து வாசித்துக் காட்டச் சொன்னார். ஒன்பது சுரத்தில் ஏழாவது இன்னும் கொஞ்சம் தாமதமாகத்தான் விழுகிறது.